அந்த டாக்ஸியில் ஜெயந்தி இல்லை

புதிதாகக் கிளைப் பிரதிநிதிகளாக வந்திருக்கும் நீங்கள் எல்லாரும் படித்தவர்கள். ஒப்பந்தத்தைப் போனிலேயே வைத்திருக்கிறீர்கள். வேண்டிய பக்கத்தை விரலால் தள்ளி எடுத்துவிடுகிறீர்கள். எனக்கு எந்த மொழியும் எழுதப் படிக்கத் தெரியாது. எண்கள் தெரியும். பேருந்து எண், அடுக்குமாடி வீட்டின் புளோக் எண், மாடி எண். அதை வைத்துக்கொண்டே இருபத்திரண்டு ஆண்டு துப்புரவு வேலை பார்த்தேன். அதில் ஒன்பது ஆண்டு சங்கப் பிரதிநிதியாகவும் இருந்தேன். இதையும் நான் சொல்லத்தான் செய்கிறேன். எழுதிக்கொள்வதும், என் பேச்சைச் சரியான தமிழாக்கிப் போடுவதும் சங்க அலுவலகத்துப் பொறுப்பு.

படிக்காத ஆளை எப்படிப் பிரதிநிதி ஆக்கினார்கள் என்று கேட்பீர்கள். அன்றைக்குக் கூட்டத்தில் வேறு யாரும் கை தூக்கவில்லை. நான் கை தூக்கியதே மின்விசிறியைக் குறைக்கச் சொல்லத்தான் என்று ரோஸ்னா இன்றுவரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இருக்கலாம். எனக்கு இப்போது நினைவில்லை.

சங்க வேலை என்றால் சம்பளத்துக்குச் சண்டை போடுவது என்று நினைத்துக்கொண்டு வருவீர்கள். சம்பளப் பேச்சு சில ஆண்டுக்கு ஒருமுறை, பெரியவர்கள் பெரிய மேசையில் பேசுவது. ஆட்கள் உங்களைத் தேடி வந்து நிற்பது போக்குவரத்துச் செலவுக்காகத்தான். சம்பளம் குறைவு என்பதை மனிதன் எப்படியோ பொறுத்துக்கொள்கிறான். கம்பெனி வேலைக்காகத் தன் கைக்காசைப் போட்டுப் போனான் என்றால் மட்டும் பொறுக்கமாட்டான். இதில் உள்ள நியாயம் சின்னது, ஆனால் எல்லாருக்கும் உடனே புரிகிற நியாயம்.

ஒப்பந்தத்தில் இருந்தது இவ்வளவுதான். வழக்கமான இடத்துக்கு வேலைக்குப் போனால் உங்கள் செலவு. கம்பெனி உங்களை வேறு இடத்துக்கு அனுப்பினால் கம்பெனிச் செலவு. முதல் ரயிலுக்கும் முதல் பேருந்துக்கும் முன்னால் வேலை தொடங்கினால் டாக்ஸிப் பணத்தை ரசீது காட்டி வாங்கிக்கொள்ளலாம். எனக்கு இதைப் படித்துக் காட்டியவர்கள் ஆறு பேர் இருக்கும். ஆளுக்கொரு விதமாகப் படித்தார்கள் என்றாலும் சாரம் இதுதான்.

எங்களுக்கு வழக்கமான இடம் பிடோக்கில் ஒரு கடைத்தொகுதி. வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். சாங்கியில் விமானச் சரக்கு வந்து இறங்கும் பகுதியில் கம்பெனிக்கு இன்னொரு கட்டடம் இருந்தது. அங்கே ஆள் பற்றவில்லை என்று எங்களில் நான்கு பேரை அனுப்பினார்கள். காலை ஐந்து மணிக்கு வேலை. கட்டடத்துக்குள் போக விமான நிலையத்துப் பாஸ் வேண்டும். கழுத்தில் அதைத் தொங்கவிட்டுக்கொண்டு போகும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. துடைப்பம் அதே துடைப்பம்தான். ஆனால் பாஸில் என் படம் நன்றாக விழுந்திருந்தது.

அந்த நான்கு பேர் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் ஒருத்தி. ரோஸ்னா மலாய்க்காரி, அவளுக்கு மலாய் படிக்கத் தெரியும். மேய் ஹுவா சீனத்து அம்மா, அவளுக்குச் சீனம் தெரியும். நான்காவது ஜெயந்தி. எங்களில் இளையவள், ஆங்கிலம் எழுதத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். எங்களுக்குள் பேசிக்கொள்வது பாதி மலாய், கொஞ்சம் தமிழ், மீதி கை. கம்பெனிப் படிவமோ ஆங்கிலத்தில் இருந்தது. மூன்று பேருக்கும் அது மூன்று விதமாகத் தெரியாது.

ஜெயந்தியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குழாயைத் துடைத்துவிட்டு, தன் முகம் அதில் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, மறுபடியும் துடைப்பாள். கடைத்தொகுதியில் ஒருமுறை கீழே கிடந்த இருபது வெள்ளி நோட்டை எடுத்துப் பாதுகாவலரிடம் கொடுத்தாள். கொடுத்துவிட்டு வரவில்லை, அதற்கு ரசீது கேட்டு நின்றாள். பாதுகாவலர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை, ரசீதை வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தாள். அவள் கணவர் வேலை பார்த்த கடை மூடிவிட்டது, மகள் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வருமானம் என்றால் இவளுடையதுதான்.

நான்கு பேரும் ஒரே டாக்ஸியில் போனோம். மேய் ஹுவா முதலில் ஏறுவாள், அடுத்து ரோஸ்னா, கடைசியில் நானும் ஜெயந்தியும். எங்கள் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துப் புளோக். ஒருநாள் ஒருத்தி காசு கொடுப்பது, மறுநாள் அடுத்தவள் என்று முறை வைத்துக்கொண்டோம். டாக்ஸி ஓட்டுநர்களைப் பற்றி மட்டுமே நான் ஒரு மணி நேரம் பேசுவேன். ஒருவர் வழி முழுக்க மாமியாரைப் பற்றிப் பேசினார். மேய் ஹுவாவுக்கு இறங்கவே மனமில்லை. அது இருக்கட்டும்.

முதல் வாரம் முடிந்ததும் ரசீதுகளை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். யார் பெயரில் கேட்பது என்று பேச்சு வந்தது. பிரதிநிதி நான் என்பதால் தீர்ப்பும் நானே சொன்னேன்.

"எல்லாம் ஜெயந்தி பேருலயே போகட்டும்."

ஜெயந்தி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "அக்கா, மத்தவங்க காசையும் என் பேருல போட்டா தப்பாயிடாதா?"

"ஒரே வண்டி, ஒரே ரசீது, ஒரே பேரு. இதுல என்ன தப்பு லா? நாலு பேரும் நாலு ஃபார்ம் போட்டா ஆபீஸ்ல உள்ளவங்க குழம்பிப் போவாங்க."

"அதுல கீழ ஒரு வரி இருக்கு. நானே போனேன்னு சைன் வைக்கணும்."

"நீ போகலையா? முன் சீட்டுல உட்கார்ந்து தூங்கிட்டு வர்றது யாரு?"

ரோஸ்னா சிரித்தாள். ஜெயந்தியும் சிரித்துவிட்டு எழுதினாள். மாதக் கடைசியில் பணம் அவள் கணக்கில் விழும். மறுநாளே யார் யார் எத்தனை முறை கொடுத்தார்களோ அதன்படி பிரித்துக் கொடுத்துவிடுவாள். எனக்கு அந்த ஏற்பாட்டில் ஒரே திருப்தி. நானே கண்டுபிடித்த ஏற்பாடு அல்லவா.

இரண்டு மாதம் ஓடியது. ஒருநாள் ஜெயந்திக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் வயிறு கெட்டு, மருத்துவர் இரண்டு நாள் எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு, கொடுத்தார். நாங்கள் மூன்று பேரும் வழக்கம்போல் போனோம். அந்த இரண்டு ரசீதையும் என் போன் உறைக்குள் சொருகி வைத்திருந்தேன். அவள் திரும்பி வந்ததும் கொடுத்தேன். அவளும் மற்ற ரசீதுகளோடு சேர்த்து, அதே அழகான கையெழுத்தில் எழுதி, கீழே சைன் வைத்து அனுப்பிவிட்டாள். அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. எங்கள் கண்ணுக்கு அது டாக்ஸியின் கணக்கு. கம்பெனியின் கண்ணுக்கு அது ஜெயந்தியின் கணக்கு. இந்த வித்தியாசம் எங்கள் நான்கு பேரில் ஒருத்திக்கும் தெரியாமல் போனது.

மூன்று வாரம் கழித்துக் கம்பெனியிலிருந்து ஜெயந்திக்குக் கடிதம் வந்தது. வேலை இடைவேளையில் என்னிடம் வந்து நின்றாள். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"அக்கா, எம்சியில இருந்த நாளுக்கு டாக்ஸி கிளெய்ம் பண்ணியிருக்கேனாம். ரெண்டு நாளைக்குள்ள பதில் குடுக்கணுமாம். பொய் கிளெய்ம்னு போட்டிருக்காங்க."

"எந்த நாளு?"

"அந்த வயித்து வலி வந்துச்சே, அப்ப."

அந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொல்லியிருக்க வேண்டும். நடந்தது எனக்கே தெரியும், ஏற்பாடே என்னுடையதுதான். இருந்தும் எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சீக்கிரம் அதைச் சரிசெய்துவிட வேண்டும் என்ற அவசரம் வந்துவிட்டது. பிரதிநிதிகளுக்கு வரும் நோய் அது. உங்களுக்கும் வரும்.

"தேதி மாத்தி எழுதிட்டேன்னு சொல்லிடு. வேற நாளு போனது, கை தவறி இந்த நாளு விழுந்துடுச்சுன்னு எழுது. முடிஞ்சு போச்சு."

"அது பொய்யில்ல, அக்கா?"

"சின்னது. யாருக்கும் கெடுதல் இல்ல."

பயத்தில் வேறெதையும் யோசிக்காமல் அவள் அதையும் எழுதினாள்.

எனக்குப் படிக்கத் தெரிந்திருந்தால் ஒன்று தெரிந்திருக்கும். டாக்ஸி ரசீதில் தேதியும் மணியும் அச்சாகி வரும். இரண்டு மாதமாக அந்தச் சீட்டுகளைக் கையில் வாங்கியிருக்கிறேன், போன் உறைக்குள் வைத்திருக்கிறேன். எண் தெரியும் என்று பெருமை பேசுகிறவள், அதில் இருந்த எண்களை ஒருநாளும் பார்க்கவில்லை. பணம் எவ்வளவு என்பதை மட்டும் பார்த்தேன்.

அடுத்த வாரம் விசாரணைக்கு வரச் சொன்னார்கள். கம்பெனி அலுவலகம் லிட்டில் இந்தியாவில், ஒரு பாத்திரக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது. ஊர் முழுக்கத் துடைக்கிற கம்பெனி, அதன் படிக்கட்டைப் பார்த்தால் துடைத்துப் பல மாதம் இருக்கும். நானாக இருந்தால் ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரத்தில் முடித்திருப்பேன். ஜெயந்தியும் அந்த மூலையைத்தான் பார்த்துக்கொண்டு ஏறினாள். அன்று அவள் கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டியிருந்தாள்.

சங்கத்தின் சார்பில் எங்கள் கிளைச் செயலாளரும் வந்தார். செம்பவாங்கிலிருந்து இரண்டு ரயில் மாறி வந்திருந்தார். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார், சொல்லவில்லை. என்னைவிட வயதில் சின்னவர், விஷயம் தெரிந்தவர், இப்படிப்பட்ட விசாரணைகள் நிறையப் பார்த்தவர். படிக்கட்டிலேயே என்னை ஓரமாக நிறுத்தினார்.

"அக்கா, ரசீதுல தேதி இருக்கு. இவங்க தேதி தப்புன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. இப்ப ஒண்ணு இல்ல, ரெண்டு பொய். இதுல சண்டை போட ஒண்ணும் இல்ல."

"தம்பி, அவ அந்த மாதிரி ஆளு இல்ல."

"எனக்குத் தெரியும். ஆனா டிஸ்மிஸ் பண்ணி, காரணம் நேர்மையின்மைன்னு போட்டா, பாஸ் போயிடும். அப்புறம் ஏர்போர்ட் பக்கம் எந்தக் கம்பெனியும் எடுக்காது. அவங்களா ராஜினாமா குடுத்தா வெளிய சொல்லாம விட்டுடுறோம்னு எச்ஆர்ல சொல்றாங்க. அதை வாங்கிக்கலாம்."

அவர் சொன்னது கெட்ட யோசனை இல்லை. தோற்கப்போகும் வழக்கில் ஆளுக்கு அதிகம் அடிபடாமல் வெளியே கொண்டுவருவதும் ஒரு திறமைதான். அதை அவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். அன்று மட்டும் அது சரிப்படவில்லை. ஏன் என்றால், அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அதை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

அறையில் மிஸ் ஷாலினி இருந்தாள். எச்ஆரில் வேலை பார்க்கும் பெண், நம் பெண்தான், இங்கேயே பிறந்து வளர்ந்தவள். எங்கள் இரண்டு பேரையும் ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவாள். மேசைமேல் இரண்டு ரசீதும், ஜெயந்தி கொடுத்த பதிலும், இன்னொரு தாளும் இருந்தன.

"ஆன்ட்டி, லுக், நான் இதை பெரிசு பண்ண விரும்பல. மேனேஜர் அஞ்சு மணிக்குள்ள ஒரு முடிவு கேக்குறார். ரிசைன் பண்ணிட்டீங்கன்னா ஏர்போர்ட்டுக்கு நாங்க ஒண்ணும் எழுத மாட்டோம். ஒரு மாசச் சம்பளமும் குடுத்துடுவோம். இதுல சைன் பண்ணா போதும்."

ஜெயந்தி பேனாவை எடுத்தாள். செயலாளர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தத் தாளையும் சத்தமாகப் படித்துக் காட்டாமல் யாரையும் கையெழுத்துப் போட விடமாட்டேன். வீரம் ஒன்றும் இல்லை, எனக்கு வேறு வழி இல்லை. சில சமயம் ஒருவர் படித்ததை அவருக்குப் பிடிக்காத இன்னொருவரிடம் கொடுத்தும் படிக்கச் சொல்வேன்.

"மிஸ், படிச்சுக் காட்டுங்க."

ஷாலினி ஆங்கிலத்தில் வேகமாகப் படித்தாள்.

"தமிழ்ல சொல்லுங்க மிஸ். இங்கிலீஷ்ல கேட்டா எனக்கு எல்லாமே நல்ல செய்தி மாதிரி இருக்கு."

அவள் தாளைப் பார்த்து மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். "நான், ஜெயந்தி, ராஜினாமா செய்றேன். நான் போகாத பயணத்துக்குப் போனதா சொல்லி கம்பெனி பணத்தை எடுத்துக்கிட்டேன். தெரிஞ்சேதான் இதை..." அங்கே நிறுத்திவிட்டாள். தமிழில் அதை எதிரில் உட்கார்ந்திருக்கும் ஆளிடம் சொல்வது அவளுக்கே கஷ்டமாக இருந்தது.

"நான் எடுக்கல," என்றாள் ஜெயந்தி. அறைக்குள் வந்தபின் அவள் பேசிய முதல் பேச்சு அது. "மத்ததெல்லாம் எழுதிக்குங்க, மிஸ். எடுத்தேன்னு மட்டும் போடாதீங்க." சொல்லிவிட்டு, அப்படியும் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

அந்த நிமிடத்தில் என் தலைக்குள் என்னவெல்லாம் ஓடியது என்று கேட்டால், முதலில் என் வேலைதான் ஓடியது. பொய்ப் பதில் எழுதிக்கொடுக்கச் சொன்ன பிரதிநிதியைக் கம்பெனி வைத்துக்கொள்ளாது. சங்கமும் முகம் சுளிக்கும். எனக்கு ஓய்வுக்கு இன்னும் நான்கு ஆண்டு இருந்தது. இரண்டாவதாக, ரோஸ்னாவும் மேய் ஹுவாவும். நான் வாயைத் திறந்தால் அவர்கள் பெயரும் வரும். என்னை நான் இழுத்துவிட்டுக்கொள்ளலாம். அவர்களைக் கேட்காமல் அவர்களை இழுக்க எனக்கு உரிமை இல்லை.

"மிஸ், ரெண்டு நிமிஷம் குடுங்க. ஒரு போன் பண்ணணும்."

"இப்பவா, ஆன்ட்டி?"

"இப்பத்தான்."

ரோஸ்னா சாங்கியில் வேலையில் இருந்தாள். அவர்களுக்கு அது கோப்பி நேரம். மலாயில்தான் கேட்டேன். ஜெயந்தி விஷயத்தில் உண்மையைச் சொல்லப்போகிறேன், உன் பெயரைச் சொல்லலாமா, உனக்கும் பிரச்சினை வரலாம் என்றேன். அவள் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. "சொல்லு. என் பேரு என்ன, திருடின பேரா? இன்னும் சொல்லலையா நீ? இவ்வளவு நாளா என்ன பண்ணிக்கிட்டிருந்தே?" பக்கத்தில் இருந்த மேய் ஹுவாவிடம் கேட்கச் சொன்னேன். அவள் 'போலே, போலே' என்றது கேட்டது. சரி, சரி என்று அர்த்தம். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. மேய் ஹுவா எப்போதும் இரண்டு வார்த்தைக்குமேல் செலவழிக்கமாட்டாள்.

போனை வைத்துவிட்டுச் சொன்னேன். "அந்த ரெண்டு நாளும் அந்த டாக்ஸியில ஜெயந்தி இல்ல, மிஸ். நான் இருந்தேன். ரோஸ்னா இருந்தா, மேய் ஹுவா இருந்தா. தினமும் நாலு பேரு ஒரே வண்டி. எங்களுக்கு இங்கிலீஷ் எழுதத் தெரியாதுன்னு எல்லாத்தையும் ஜெயந்தி பேருல போடச் சொன்னது நான்."

செயலாளர் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். நல்ல அழுத்தமான சப்பாத்து அவருடையது.

ஷாலினி கையைத் தூக்கினாள். "ஆன்ட்டி, நீங்க சொல்றது ரெக்கார்டுல போகும். தெரியுமா?"

"போகட்டும். இன்னொண்ணும் பாருங்க. சாங்கிக்கு அனுப்பின நாள்லேர்ந்து நாங்க மூணு பேரும் ஏதாவது கிளெய்ம் போட்டிருக்கோமான்னு உங்க கம்ப்யூட்டர்ல பாருங்க."

தட்டினாள். ஒரு பெயர், அடுத்த பெயர், அதற்கடுத்த பெயர். "இல்ல," என்றாள். மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். "ஒண்ணுகூட இல்ல."

"காலையில அஞ்சு மணிக்கு பஸ் இல்ல, ரயில் இல்ல. நாங்க எப்படி வந்திருப்போம்? விரல் வைக்கிற மெஷின் இருக்குல்ல, அதையும் பாருங்க. அந்த ரெண்டு நாளும்."

பார்த்தாள். மூன்று பேரும் ஐந்து மணிக்குச் சில நிமிடம் முன்னால், ஒருவர் பின் ஒருவராக விரல் வைத்திருந்தோம். ஜெயந்தியின் விரல் இல்லை. ரசீதில் இருந்த நேரத்துக்கும் எங்கள் விரலுக்கும் கால் மணி நேரம்கூட இடைவெளி இல்லை.

"நாலு பேரும் தனித்தனியா வண்டி எடுத்திருந்தா கம்பெனி நாலு வண்டிக்குக் குடுத்திருக்கணும், மிஸ். ஒரு வண்டிக்குத்தான் குடுத்திருக்கீங்க."

ஷாலினி ஜெயந்தியின் பதிலை எடுத்தாள். "அப்ப ஏன் தேதி தப்புன்னு எழுதிக் குடுத்தீங்க? இதைத்தான் என்னால மேனேஜர்கிட்ட எக்ஸ்பிளெயின் பண்ண முடியாது."

ஜெயந்தி என்னைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்கிற பார்வை இல்லை அது. என்ன சொல்லட்டும் என்று கேட்கிற பார்வை. அப்போதும் அவள் என்னைத்தான் கேட்டாள். அதுதான் எனக்கு உள்ளே குத்தியது.

"நான் சொன்னேன், அவ எழுதினா," என்றேன். "எங்க நாலு பேருல எழுதுற வேலை அவளோடது. பொய் சொல்ற வேலை என்னோடது."

செயலாளர் காலை எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டது மட்டும் இல்லை, நாற்காலியை மேசைக்குக் கிட்டே இழுத்துப்போட்டுக்கொண்டு, பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்து வைத்தார். அதுவரை அவர் அதைத் திறக்கவே இல்லை. அடுத்த அரை மணி நேரம் அவர்தான் பேசினார், ஆங்கிலத்தில். எனக்கு ஒன்றும் புரியவில்லை. குரல் மட்டும் நன்றாக இருந்தது. ஜெயந்தி பேனாவைக் கீழே வைத்திருந்தாள்.

ஐந்து மணிக்கு முடிவு வரவில்லை. இரண்டு வாரம் கழித்து வந்தது. ஜெயந்திக்கு வேலை இருந்தது, பாஸ் இருந்தது. தான் போகாத பயணத்துக்குத் தானே போனதாகச் சைன் வைத்ததற்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம், ஓராண்டு அது அவள் கோப்பில் இருக்கும். எனக்கும் ஒரு கடிதம் வந்தது, கொஞ்சம் நீளமானது. அடுத்த தேர்தல் வரை பிரதிநிதி வேலையிலிருந்து விலகியிருக்கும்படி சங்கம் சொன்னது. சரி என்றேன். ரோஸ்னாவுக்கும் மேய் ஹுவாவுக்கும் ஒன்றும் வரவில்லை. தன்னை விட்டுவிட்டார்கள் என்று ரோஸ்னாவுக்குக் கொஞ்சம் வருத்தம் என்றுகூடச் சொல்லலாம்.

வழக்கில் ஜெயித்தோம் என்று செயலாளர் எல்லாருக்கும் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடுத்த நாளிலிருந்து ஜெயந்தி யாருக்கும் எதுவும் எழுதிக்கொடுப்பதில்லை என்று நிறுத்திவிட்டாள். டாக்ஸியில் எங்களோடுதான் வந்தாள், முறை வந்தால் காசும் கொடுத்தாள். தன் முறைக்குத் தன் ரசீதை மட்டும் எழுதினாள். எங்கள் மூன்று பேர் முறைக்கு யாரும் எழுதவில்லை. இரண்டு மாதம் நாங்கள் கைக்காசிலேயே கம்பெனி வேலைக்குப் போய்வந்தோம். நானும் கேட்கவில்லை. அவளிடம் எந்த வாயால் கேட்பது?

கடைசியில் ரோஸ்னாதான் ஒருநாள் ஷாலினிக்கே போன் போட்டு, மலாயும் ஆங்கிலமும் கலந்து அரை மணி நேரம் திட்டினாள். ஷாலினி அடுத்த மாதம் சாங்கிக்கே வந்தாள். எங்களை உட்காரவைத்து வாயால் சொல்லச் சொல்லி, அவளே எழுதிக்கொண்டாள். வண்டியில் யார் யார் இருந்தோம் என்று நான்கு பெயரையும் ஓரத்தில் எழுதினாள். படிவத்தில் அதற்கு இடமில்லை. விளிம்பில் நுணுக்கி எழுதினாள். அடுத்த ஒப்பந்தம் பேசும்போது அதை ஒரு வரியாகச் சேர்த்தார்கள். உடன் பயணம் செய்தவர்களின் பெயரைக் குறிப்பிட வேண்டும், எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் மேற்பார்வையாளர் எழுதிக்கொள்ள வேண்டும் என்று. இப்போது உங்கள் போனில் கிளெய்ம் போடும்போது, கூட வந்தவர் யார் என்று ஒரு பெட்டி கேட்கிறதாமே, பலர் அதை எரிச்சலோடு தள்ளிவிடுகிறீர்களாம். தள்ளாதீர்கள். அந்தப் பெட்டி இல்லாததால் ஒருத்தி வேலையை இழக்கப் பார்த்தாள்.

ஆக, உங்களிடம் ஒருவர் கடிதத்தோடு வந்து நின்றால், அவர் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு உடனே வழி சொல்லிவிடாதீர்கள். என்ன நடந்தது என்று கேளுங்கள். முழுதும் கேளுங்கள். அதில் நீங்களும் இருந்தால் அதை முதலில் உங்கள் பக்கத்து ஆளிடமாவது சொல்லுங்கள். நான் படிக்கட்டிலேயே செயலாளரிடம் சொல்லியிருந்தால் ஒரு மிதி மிச்சமாகியிருக்கும்.

ஓராண்டு முடிந்த அன்று ஜெயந்தி அரைநாள் விடுப்பு எடுத்தாள். கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்துவிட்டார்களா என்று நேரில் பார்க்க வேண்டும் என்றாள். துணைக்கு என்னைக் கூப்பிட்டாள். அந்த ஓராண்டில் அவளாக என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வேறு வேலை எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டுப் போனேன். ஷாலினி கோப்பைப் பிரித்து, கடிதத்தை எடுத்து, கிழிக்கப் போனாள்.

"கிழிக்காதீங்க, மிஸ். எங்கிட்டக் குடுங்க."

ஷாலினி என்னைப் பார்த்தாள். நான் தோளைக் குலுக்கினேன். ஜெயந்தி கடிதத்தை வாங்கி, நான்காக மடித்து, கைப்பையின் உள் அறையில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

வெளியே வந்து, பக்கத்திலேயே தேக்காவில் ஒரு கடையில் ஆளுக்கொரு டீ, எங்கள் பேச்சில் தே, வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். எனக்குப் பொறுக்கவில்லை. "அதை எதுக்கு வாங்கிட்டு வந்தே? வீட்டுல மாட்டி வைக்கப் போறியா?"

"இல்லக்கா. பையிலேயே இருக்கும்."

"எதுக்கு?"

அவள் தேயை ஆற்றிக்கொண்டே சொன்னாள். "நாளைக்கே நீங்க வந்து, ஜெயந்தி, இதை உன் பேருல எழுதிக் குடு, இதுல என்ன தப்பு லான்னு கேப்பீங்க. அப்ப எடுத்துக் காட்டணும்ல."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அன்று குடித்த தேயின் காசையும் தனித்தனியாகத்தான் கொடுத்தோம்.